கேட்ட விலையைக் கொடுத்தும் கிடைக்காத வீடு

ஸ்காபரோவில் நிலக்கீழ்த் தளமொன்றில் பதினொரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்த குடும்பமொன்றை நான் அறிவேன். தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தோடு வீடொன்றைப் பார்த்தார்கள். விளம்பரத்தில் இருந்த விலை 899,000 டொலர். குறித்த இரவில் அந்த முழு விலையையும் தருவதாக விலைமனு எழுதிக் கொடுத்தார்கள். அன்று வந்த ஒரே மனு அவர்களுடையதுதான். எனினும் விற்பவர் மறுத்துவிட்டார். மறுநாட் காலை அதே வீடு ஓர் இலட்சம் டொலர் கூடிய விலையோடு மீண்டும் விளம்பரத்துக்கு வந்தது. "கேட்ட விலையைத்தானே கொடுத்தோம். பிறகு ஏன் இல்லையென்கிறார்கள்?" என்று தாய் கேட்டார். மொழிபெயர்ப்பதற்காக அருகில் இருத்தப்பட்டிருந்த பதினாறு வயது மகளிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. எமது ஊர்ச் சந்தைகளில் விலை பேசுவதென்றால் விலை கீழே இறங்கும். விற்பவர் கூட்டிச் சொல்வார், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், இருவரும் நடுவில் எங்கோ சந்திப்பார்கள். ரொறன்ரோ வீட்டுச் சந்தையிலோ விலை மேலே ஏறுகிறது. விளம்பர விலை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்படுகிறது. ஒரு வாரம் வீட்டைக் காட்டி ஆட்களைத் திரட்டி, ஒரே இரவில் எல்லா மனுக்களையும் வாங்கி, "இன்னும் கூட்ட முடியுமா?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கிறார்கள். மற்றவர் எவ்வளவு எழுதினார் என்பது எவருக்கும் தெரியாது. வென்றவர் இரண்டாமவரை விட ஐம்பதாயிரம் டொலர் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் அதை அவர் ஒருநாளும் அறியப்போவதில்லை.

இது சட்டவிரோதமல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் பார்வையில் விளம்பர விலை ஒரு வாக்குறுதியன்று. மனுச் செய்ய வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. முழு விலையைக் கொடுத்தாலும் விற்பவர் அதை ஏற்கக் கடமைப்பட்டவரல்லர். ஆகவே கோபத்தை அந்த ஒரு விற்பனையாளர்மீது கொட்டுவதால் பயனில்லை. நாம் கேள்வி கேட்க வேண்டியது விதியைப் பற்றியே.

இந்த வழக்கம் எம்மவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பாருங்கள். போட்டியில் வெல்வதற்காகக் கடன் உறுதி நிபந்தனையையும் வீட்டுப் பரிசோதனை நிபந்தனையையும் விட்டுக்கொடுக்கிறார்கள். 1,050,000 டொலருக்கு வாங்கிய வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 980,000 டொலர் என்று மதிப்பிட்டால், வங்கி அந்தக் குறைந்த தொகையின் மீதே கடன் கொடுக்கும். இருபது வீதம் முற்பணமாக 210,000 டொலர் வைத்திருந்தவர் இப்போது 266,000 டொலர் கட்ட வேண்டும். மேலதிகமான 56,000 டொலர் எங்கிருந்து வரும்? சகோதரர்களிடம், வட்டிக்கு, அல்லது ஊர்க் காணியை விற்று. கட்ட முடியாமற் போனால் வைப்புப்பணத்தை இழப்பதோடு, வீடு பின்னர் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் அந்த வித்தியாசத்துக்கும் வழக்கைச் சந்திக்க நேரும். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. கனடிய மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022 மார்ச்சில் உயரத் தொடங்கி 2023 ஜூலையில் 5 வீதத்தைத் தொட்டது. உச்ச விலைக்குப் போட்டியிட்டு வாங்கியவர்களின் துயரத்தை எமது சமூகம் நன்கறியும்.

2023 டிசம்பர் 1ஆம் திகதி ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, விற்பவர் விரும்பினால் போட்டி மனுக்களின் விலைகளை ஏனையோருக்கு வெளிப்படுத்தலாம். "விரும்பினால்" என்ற சொல்லிலேயே குறை இருக்கிறது. இருட்டினால் இலாபமடைபவரிடமே விளக்கைக் கொடுத்து, ஏற்றுவதும் ஏற்றாததும் உங்கள் இஷ்டம் என்கிறது சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரி முதல், வாங்குபவர் மூன்று வேலை நாட்களுக்குள் விலையில் 0.25 வீதத்தைச் செலுத்தி விலகிக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாவில் முகவர் எதிர்பார்க்கும் விலையை, அண்மையில் விற்ற ஒத்த வீடுகளின் விலைகளோடு எழுத்தில் தரவேண்டும். அங்கும் மீறல்கள் உண்டு. எனினும் விதியென்று ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் விலைகளை வெளிப்படுத்துவதே பொது விதியாகவும், மறைப்பது விதிவிலக்காகவும் மாறவேண்டும். எமது வாக்குகளைத் தேடி வரும் மாகாணசபை வேட்பாளர்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது.

விதி மாறும்வரை குடும்பங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். விளம்பர விலையை மறந்துவிட்டு, அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலைகளை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். போட்டி மனுக்கள் எத்தனை என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு; கையொப்பமிட்ட எழுத்து மனு இல்லாமல் மனு வந்திருப்பதாக எந்த முகவரும் கூறக்கூடாது. உங்கள் உச்ச வரம்பை வீட்டிலிருந்து புறப்படுமுன் தாளில் எழுதி வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு, "இன்னும் பத்தாயிரம் போட்டால் கிடைத்துவிடும்" என்ற குரல் கேட்கும்போது அந்தத் தாளைப் பாருங்கள். கடன் நிபந்தனையை விட்டுக்கொடுத்தாற்றான் வெல்லலாமென்றால் அந்த வீடு உங்களுக்குரியதல்ல.

இளையோரே, பெற்றோருக்காக மொழிபெயர்க்க அமரும்போது முகவர் சொல்வதை மட்டும் திருப்பிச் சொல்லாதீர்கள். தாளில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லுங்கள். விளங்காவிட்டால், "நாளைக்குக் கையெழுத்திடுகிறோம்" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

கடைசியாக, கசப்பான ஓர் உண்மை. வாங்கும்போது இந்த முறையைத் திட்டும் நாமே, விற்கும்போது, "ஒன்பதில் போடுங்கோ, சனம் ஏத்திக்கொண்டு போகும்" என்று எமது முகவரிடம் சொல்கிறோம். அந்த இரவில் ஏமாறுபவரும் பெரும்பாலும் எம்மைப்போல் வந்து குடியேறிய ஒருவரே. எந்த விலைக்கு விற்க மனம் உண்டோ அந்த விலையை விளம்பரத்தில் போடுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. சட்டத்தை மாற்றக் கோரும் சமூகம் அந்த மாற்றத்தைத் தன் வீட்டு வாசலில் நடும் விற்பனைப் பலகையிலிருந்தே தொடங்கலாம்.