ஒரு மணி நேரத்தில் ஓர் ஊரைப் பார்த்துவிட முடியுமா?



நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் 'பத்து நாளில் ஏழு நாடுகள்' என்பன போன்ற சுற்றுலா விளம்பரங்கள் நம் கைப்பேசிகளில் வந்து குவிகின்றன. அண்மையில் பெற்றோர் ஒருவர், தாம் பணம் கட்டவிருந்த பயணத்தின் நிரலைக் காட்டி என் கருத்தைக் கேட்டார். அதில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து ஒருநாள் உலா ஒன்று இருந்தது. காலையில் சியனா, நண்பகலில் சான் ஜிமிஞானோ, மாலையில் பீசாவின் சாய்ந்த கோபுரம், இரவில் மீண்டும் புளோரன்ஸ். சான் ஜிமிஞானோவுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒரே ஒரு மணி!

அந்த ஒரு மணி நேரத்தை எதிர்த்துத்தான் இதனை எழுதுகிறேன். அம்மலையூரில் ஒரு முழு நாளை நான் நடந்தே கழித்திருக்கிறேன். அந்த நாளில் கண்டவற்றுள் பெரும்பகுதி ஒரு மணி நேரத்தில் எவர் கண்ணிலும் படாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

"சின்ன ஊர்தானே, ஒரு மணி நேரம் போதாதா?" எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். இடைக்கால மதிலுக்குள் அடங்கிய சிற்றூர் அது. தெற்கே சான் ஜொவான்னி வாயிலில் நுழைந்தால் அரைமணி நேரத்திற்குள் வடக்கே சான் மத்தேயோ வாயிலை அடைந்துவிடலாம். ஆனால், ஓர் ஊரைக் கடப்பதும் காண்பதும் ஒன்றாகுமா? நூலின் ஏடுகளைப் புரட்டி முடித்த மாணவனை 'படித்துவிட்டான்' என்று நாம் ஏற்றுக்கொள்வோமா?

ஊரின் பெருமையாகிய கோபுரங்களையே எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் அங்கு 72 கோபுரங்கள் இருந்தன என்பர். இன்று எஞ்சி நிற்பவை 14. பயணிகள் சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவற்றைக் கட்டியவர்கள் மன்னர்கள் அல்லர். செல்வம் கொழித்த வணிகக் குடும்பங்கள். வட ஐரோப்பாவிலிருந்து உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரைப் பாதையில் அமைந்திருந்ததாலும், குங்குமப்பூ வணிகத்தாலும் ஊர் செழித்தது. செல்வம் வந்ததும் பகையும் வந்தது. ஆர்திங்கெல்லி, சால்வூச்சி என்னும் இரு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் மோதிக்கொண்டன. எவருடைய கோபுரமும் நகர மன்றக் கோபுரத்தை விஞ்சக் கூடாதென்று சட்டம் போடும் அளவிற்குப் போட்டி முற்றியது. சால்வூச்சியர் எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. இரட்டைக் கோபுரம் என்றாலே கோலாலம்பூரை நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எத்துணைச் சுவையான பாடம்!

1300-ஆம் ஆண்டு மே மாதம் கவிஞர் தாந்தே புளோரன்சின் தூதராக இவ்வூருக்கு வந்து, ஒற்றுமை வேண்டி நகர மன்றத்தில் உரையாற்றினார். அம்மண்டபம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதன் அருகிலுள்ள பெருங்கோபுரத்தின் உயரம் 54 மீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை நின்று நின்று ஏறினால், எல்லாக் குடும்பங்களின் பெருமையும் கண்ணுக்குக் கீழே கிடக்கக் காணலாம். 1348-இல் கொள்ளைநோய் வந்தது. மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 1353-இல் ஊர் தன் உரிமையை இழந்து புளோரன்சின் ஆட்சிக்குள் போனது. அதன்பின் இடித்துப் புதிதாய்க் கட்டப் பெரும்பணம் இல்லாமற்போனதால் பழைமை பிழைத்தது. 1990-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமையாக அறிவித்தது. இன்று நாம் வியக்கும் அழகு, ஓர் ஊரின் வீழ்ச்சி காத்துத் தந்த அழகு! படம் எடுத்தவுடன் பேருந்துக்கு ஓடும் பிள்ளைக்கு இதனை யார் சொல்வார்?

ஆசிரியர்களாகிய நாம் தவறவிடவே கூடாத ஒன்றும் அங்குண்டு. ஊரின் வடகோடியில் புனித அகுஸ்தீன் ஆலயம் இருக்கிறது. அதன் சுவரில் பெனோட்சோ கோட்சொலி என்னும் ஓவியர் 1464, 1465-ஆம் ஆண்டுகளில் அப்புனிதரின் வாழ்வை 17 காட்சிகளாகத் தீட்டினார். முதற்காட்சியே பள்ளிக்கூடந்தான். ஒருபுறம் பெற்றோர் சிறுவன் அகுஸ்தீனை ஆசிரியரிடம் ஒப்படைக்கின்றனர். மறுபுறம் வேறொரு சிறுவன் அடி வாங்குகிறான்! பள்ளியில் தாம் வாங்கிய அடியை அகுஸ்தீனே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தச் சுவர்முன் நான் நெடுநேரம் நின்றேன். ஒப்படைக்கும் பெற்றோர், ஏற்கும் ஆசிரியர், அஞ்சி நிற்கும் பிள்ளை... நம் தொழிலின் மாண்பும் மாசும் ஒரே சுவரில்!

தெற்கு வாயிலருகே இறக்கிவிடப்படும் ஒரு மணி நேரப் பயணி இந்த ஆலயம்வரை பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும், நண்பகலில் தேவாலயங்களை மூடிவைப்பது இத்தாலியச் சிற்றூர்களின் வழக்கம். காத்திருக்க நேரம் உள்ளவனுக்கே அக்கதவு திறக்கும்.

'அவ்வளவு தொலைவு போய் ஒரே ஊரா? கட்டிய பணத்திற்கு நான்கைந்து இடமாவது பார்க்க வேண்டாமா?' என்பதே பெற்றோரின் வாதம். அந்தக் கவலையை நான் எள்ளவில்லை. பல ஆண்டுச் சேமிப்பு அது. ஆனால், அந்தச் சேமிப்பில் நாம் வாங்குவது என்ன? பேருந்தின் இருக்கையையும் வாகன நிறுத்துமிடத்தையுமா? விடுமுறை முடிந்து வரும் மாணவர்களின் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகிறேன். 'சென்றோம், பார்த்தோம், உண்டோம், மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்.' சென்ற ஊர் எதுவாயினும் கட்டுரை இதுவேதான். பிள்ளைகளுக்குச் சொல்வளம் இல்லையென்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பார்க்கவே விடாமல் இழுத்துச் சென்றுவிட்டு எழுதச் சொன்னால் எதை எழுதுவார்கள்?

முதியோரும் சிறுவரும் உடன்வரும்போது குழுவாகச் செல்வதே எளிது என்பாரும் உளர். மூன்று ஊர்களில் ஏறி இறங்கி ஓடுவதா அவர்களுக்கு எளிது? கிணற்றுச் சதுக்கத்தில் அமர்ந்து பனிக்கூழ் சுவைத்தபடி பொழுதைக் கழிப்பதன்றோ எளிது! அங்குள்ள கிணறு 1273-இல் அமைக்கப்பட்டது. அதன் கல்விளிம்பில், நீர் இறைத்த கயிறுகள் அறுத்த தடங்களைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் பதியாதது அங்கே பதியும்.

ஆகவே, பயணத்திற்குத் திட்டமிடும் பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இவை:

1. நிரலில் ஊர்களின் எண்ணிக்கையைப் பாராதீர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒதுக்கிய நேரத்தைப் பாருங்கள்.

2. புளோரன்சிலிருந்து பொஜ்ஜிபொன்சிவரை தொடர்வண்டி. அங்கிருந்து மலையேறும் பேருந்து. சான் ஜிமிஞானோவுக்கு நீங்களே போய்வரலாம். காலையில் சென்று மாலையில் திரும்புங்கள். பீசா சாய்ந்தபடியே இன்னொரு நாளும் நிற்கும்.

3. பிள்ளையிடம் 'எத்தனை இடம் பார்த்தாய்?' என்று கேளாதீர்கள். 'எங்கே நின்றாய்? ஏன் நின்றாய்?' என்று கேளுங்கள்.

ஆசிரியர்களும் அடுத்த சுற்றுலாக் கட்டுரைக்கு இக்கேள்வியையே தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். நிற்கக் கற்ற பிள்ளைக்கு எழுதச் சொல் தானே கிடைக்கும்.

சிந்திப்போம்!