அளவுகோலை மாற்றிவிட்டு வளர்ச்சி என்பதா?

நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் சுருக்க விவரங்கள் 2024 பிப்ரவரியில் வெளிவந்ததும், நாட்டில் வறுமை 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்தார். ஆளும் கட்சி இதைத் தனது சாதனையாக முழங்கியது. இம்முழக்கத்திற்கு விடையளிக்க, அந்த எண் எந்த முறையில் பெறப்பட்டது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

2011-12இல் கணக்கெடுப்பாளர் ஒரு குடும்பத்தை ஒருமுறை சந்தித்து, நீண்ட வினாநிரலை ஒரே மூச்சில் நிரப்பினார். சலிப்பினாலும் மறதியாலும் பல செலவுகள் விடுபட்டன. 2022-23இலோ அதே குடும்பம் மும்முறை சந்திக்கப்பட்டது. உணவு, பிற நுகர்பொருள்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருள்கள் என மூன்று தனி வினாநிரல்கள் கையாளப்பட்டன. முறை என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் முன்பு விடுபட்டவை இப்போது பதிவாகும்போது, வாங்கும் சக்தி சற்றும் உயராத குடும்பத்திலும் செலவு கூடியதாகவே தெரியும். கணக்கெடுக்கும் முறை மேம்பட்டதை மக்கள் வாழ்வு மேம்பட்டதாகக் காட்டுவது அப்பட்டமான மோசடி.

இடையில், 2017-18இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு என்னவாயிற்று? நாளேட்டில் கசிந்த விவரப்படி, 2011-12இல் 1,501 ரூபாயாக இருந்த தலைக்குரிய மாத நுகர்வு, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் 1,446 ரூபாயாகச் சரிந்திருந்தது. தரம் போதவில்லை என்று காரணம் கூறி, 2019 நவம்பரில் அவ்வறிக்கையையே அரசு கைவிட்டது. வேலையின்மை 6.1 விழுக்காடு என்று காட்டிய அறிக்கையும் 2019 மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகே வெளியிடப்பட்டது.

ஆகவே புள்ளிவிவரம் அனைத்தும் பொய் என்று ஒதுக்குவது நமக்கு உதவாது. நாடு முழுமைக்கும் பேசக்கூடிய வலிமை மாதிரிக் கணக்கெடுப்புக்கே உண்டு. அதனால்தான் ஆட்சியாளர்கள் அதற்கு அஞ்சுகிறார்கள். அதே நேரத்தில், குடும்பம் எவரிடம் கடன்பட்டது, கூலியைக் கேட்டால் சாதியின் பெயரால் என்ன நேரும் என்பவற்றை அந்த வினாநிரல் சொல்லாது. அவற்றைச் சொல்வது கள ஆய்வு. அதற்கும் குறைகள் உண்டு. ஓர் ஊர் நாடாகிவிடாது. ஆய்வாளர் எவர் வீட்டில் தங்குகிறாரோ அவர் கண்கொண்டே ஊரைக் காணும் அபாயமும் உண்டு. 1948இல் மைசூர்ப் பகுதியின் ராம்புராவில் ஆய்வு செய்த எம்.என்.சீனிவாஸ் ஊர்த்தலைவரின் ஆதரவில் தங்கியிருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களிடம் நெருங்கிப் பழக அதுவே அவருக்குத் தடையாயிற்று.

1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ நூறு வினாக்களைத் தயாரித்தார். தம் நிலைமையைத் தொழிலாளர்களே எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் கிளைகளும் அவ்வழியில் இறங்கட்டும். அரசின் எண்களை முறையோடு சேர்த்துப் படிப்போம். மறைக்கப்பட்ட அறிக்கைகளை வெளியிடக் கோருவோம். குடியிருப்புதோறும் கூலியையும் கடனையும் உழைப்பாளி மக்களிடமே கேட்டுப் பதிவு செய்வோம். வறுமை ஒழிந்துவிட்டது என்போருக்கு அப்பதிவுகள் விடை சொல்லட்டும்.