வெற்றிக்கிண்ணம் அவர்களுக்கு, பணம் யாருக்கு?

அமெரிக்காவில் வாழும் நண்பர்களுடன் விளையாட்டைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அண்மைக்காலமாக ஒரு பெருமூச்சைக் கேட்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தைப் பணம் கெடுத்துவிட்டதாம். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்கு வழங்கிச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். "அந்தக் காலத்தில் பிள்ளைகள் கல்லூரியின் பெயருக்காக விளையாடினார்கள், இப்போது காசுக்காக விளையாடுகிறார்கள்" என்று நண்பர்கள் வருந்துகிறார்கள். பத்திரிகைகளில் பத்தி எழுதுவோரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

இந்தப் பெருமூச்சு எனக்கு எரிச்சலையே ஊட்டுகிறது. அவர்கள் போற்றும் "அந்தக் காலத்தை" ஒருமுறை கிட்ட நின்று பார்ப்போம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது 1994-95 பருவகாலத்தை. அந்த வருடம் சம்பியனாகியது லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அணி. சுருக்கமாக யு.சி.எல்.ஏ. என்பார்கள்.

ஜோன் வூடன் என்ற பயிற்றுவிப்பாளரின் கீழ் 1964க்கும் 1975க்கும் இடையில் பத்து முறை தேசியக் கிண்ணத்தை வென்ற கல்லூரி அது. அதன்பின் இருபது ஆண்டுகள் வெறுங்கை. அந்த வரட்சியைத் தீர்த்த அணிக்கு ஜிம் ஹரிக் பயிற்றுவிப்பாளர். அணியின் தூண் எட் ஓபானன். 1990 ஒக்டோபரில், பல்கலைக்கழகத்துக்காக ஒரு போட்டியிலேனும் ஆடுமுன்னரே, முழங்கால் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சைக்கு உள்ளான இளைஞர் அவர். இனி விளையாட முடியுமா என்ற ஐயத்தோடு முதலாண்டைக் கழித்தவர், இறுதியாண்டில் அணியைத் தோளில் சுமந்தார். தம்பி சார்ள்ஸ் ஓபானனும் அதே அணியில் ஆடினார்.

அந்த மார்ச் மாதச் சுற்றுப்போட்டியில் 64 அணிகள். ஒரு தோல்வி கண்டால் வீடு திரும்ப வேண்டியதுதான். இரண்டாம் சுற்றிலேயே யு.சி.எல்.ஏ.யின் கதை முடிந்திருக்க வேண்டும். ஐடஹோ மாநிலத்தின் பொய்சி நகரில் மிசூரி அணி 74-73 என்று முந்தி நிற்கிறது, மீதமிருப்பது 4.8 விநாடிகள். பந்தைப் பெற்ற டைய்ஸ் எட்னி, அணியிலேயே குள்ளமானவர்களில் ஒருவர், திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடி, எதிரணியின் நெடிய கைகளுக்கு மேலாகப் பந்தை எறிந்தார். பந்து கூடைக்குள் விழுந்தது, நேரம் முடிந்தது. 75-74. இன்றும் ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டுகின்றன.

ஓக்லாந்தில் பிராந்திய வெற்றி, பின்னர் சியாட்டில் நகரில் அரையிறுதி. அதில் எட்னியின் மணிக்கட்டு காயப்பட்டது. ஏப்ரல் 3ஆம் திகதி இறுதியாட்டத்தில் அவரால் மூன்று நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எதிரே நின்றதோ முந்தைய ஆண்டின் சம்பியனான ஆர்கன்சோ. அன்று எட் ஓபானன் 30 புள்ளிகள் எடுத்தார், 17 முறை மீள்பந்தைக் கைப்பற்றினார். முதலாண்டு மாணவரான டோபி பெய்லி 26 புள்ளிகள். 89-78. சுற்றுப்போட்டியின் அதிசிறந்த வீரர் விருது ஓபானனுக்குக் கிடைத்தது. 1996இல் அவருடைய 31ஆம் இலக்கச் சட்டைக்கு ஓய்வளித்துப் பல்கலைக்கழகம் கௌரவித்தது.

அருமையான பருவகாலம். இதில் எனக்கு மறுப்பில்லை. இனி, பெருமூச்சு விடும் நண்பர்கள் பார்க்க மறுக்கும் பக்கத்துக்கு வருகிறேன்.

அந்தப் பருவகாலம் நடந்துகொண்டிருந்த 1994 டிசம்பரில், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., சி.பி.எஸ். தொலைக்காட்சியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. 2002 வரையான உரிமைகளுக்கு 172 கோடியே 50 இலட்சம் டொலர். எட்னியின் அந்த 4.8 விநாடிகளும் இந்த வியாபாரத்தின் சரக்குத்தான். தொலைக்காட்சி சம்பாதித்தது, சங்கம் சம்பாதித்தது, கல்லூரிகள் சம்பாதித்தன, பயிற்றுவிப்பாளர்களும் சம்பாதித்தார்கள். இன்றைக்கும் பல அமெரிக்க மாநிலங்களில் அரச ஊழியர்களிலேயே அதிக சம்பளம் பெறுபவர் ஆளுநரோ உபவேந்தரோ அல்லர். பல்கலைக்கழகப் பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்தான். வியர்வை சிந்தியவர்களுக்கு மட்டும் பணத்தைத் தொட்டால் தீட்டு!

ஆகவே, பணம் 2021இல் வந்து கல்லூரி விளையாட்டைக் கெடுத்தது என்பது வரலாற்றுப் பொய். பணம் எப்போதோ வந்துவிட்டது. இப்போது புதிதாக நடந்திருப்பது ஒன்றேதான்: பந்தியில் உட்காரவிடாமல் வாசலில் நிறுத்தப்பட்டிருந்தவனுக்கும் இலை போடுகிறார்கள்.

"ஏன், புலமைப்பரிசில் கொடுத்தார்களே?" என்று கேட்பார்கள். கொடுத்தார்கள். அதன் பெறுமதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நம்மவருக்குக் கல்வியின் விலை தெரியும். ஆனால் 1973 முதல் அந்தப் புலமைப்பரிசில் ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டது; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பல ஆண்டுகளுக்கு வழங்கலாம் என்ற விதி 2012இல்தான் மீண்டும் வந்தது. முழங்கால் உடைந்த ஒருவனின் படிப்பு தொடர்வதும் நிற்பதும் அடுத்தவர் கையில் இருந்தது. ஓபானனைப் பல்கலைக்கழகம் கைவிடவில்லை என்பது உண்மை. அது அவருடைய நல்வாய்ப்பு. அவருக்கிருந்த உரிமை அன்று.

"மாணவ விளையாட்டு வீரர்" என்ற அந்தப் புனிதச் சொல்லின் பிறப்பும் அவ்வளவு புனிதமானதன்று. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரிக் காற்பந்து வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டார். அவர் கல்லூரியின் ஊழியர் அல்லர் என்று 1957இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. இத்தகைய கோரிக்கைகளுக்கு அஞ்சியே என்.சி.ஏ.ஏ. அந்தச் சொல்லை உருவாக்கிப் பரப்பியது. இதைச் சொல்வது நானல்ல. 1951 முதல் 1987 வரை அச்சங்கத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த வோல்டர் பையர்ஸ் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். வீரர்களைச் சுரண்டும் ஓர் அமைப்பைக் கட்டி எழுப்பினோம் என்ற வருத்தம் அந்நூலெங்கும் தெரிகிறது. அது வெளிவந்த ஆண்டும் 1995.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் பிராந்திய நிருபர்களின் செய்திகளைச் செப்பனிடும் மேசையில் நான் பல வருடங்கள் இருந்தேன். பஸ் ஏறி, சோதனைச் சாவடி கடந்து, செய்தி கொண்டுவந்த இளைஞர்களுக்கு நாங்கள் கொடுத்தது அச்சான அங்குலத்தை அளந்து ஒரு சிறுதொகை. ஒருவர் தயங்கித் தயங்கிக் கூட்டிக் கேட்டபோது, "தம்பி, உமது பெயர் பேப்பரில் வருகிறதே, அது போதாதா?" என்று நான் சொன்னேன். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிய வாய் அது. அடுத்தவனின் உழைப்பைப் பார்த்து "பெருமை போதாதா" என்று கேட்பவன் எந்த நாற்காலியில் இருந்து கேட்கிறான் என்பதை நான் நன்கறிவேன். அதனால்தான் கல்லூரியின் பெயருக்காக விளையாடிய பிள்ளைகள் என்ற புகழ்ச்சி என் காதில் நாராசமாக விழுகிறது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 நவம்பரில், கிண்ணம் வென்று இரண்டு வருடம்கூட ஆகுமுன், ஜிம் ஹரிக் பதவிநீக்கப்பட்டார். கல்லூரியில் சேர்க்க விரும்பிய இளம் வீரர்களுக்கு அளித்த விருந்தொன்றில், விதி அனுமதித்ததைவிட அதிகமாக அணி வீரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதை மறைக்கச் செலவுப் பட்டியலில் பொய் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. பொய் எழுதியது தவறுதான். ஆனால் மேசையில் எத்தனை வீரர்கள் உண்ணலாம் என்று விரல்விட்டு எண்ணும் ஒரு விதி, நூற்றுக்கணக்கான கோடி டொலர் ஒப்பந்தத்தின் அருகில் இருந்ததல்லவா? 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கைக்குப் போனதாகச் செய்தியாளரிடம் சொன்னார். நாடு அதிர்ந்தது. சில நாட்களுக்குள் உணவுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இதைத்தான் தூய்மை என்கிறார்கள்.

எட் ஓபானனுக்கு என்ன ஆயிற்று? தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் இரண்டே பருவகாலங்கள். பிறகு சில ஆண்டுகள் வெளிநாட்டு அணிகள். அதன்பின் லாஸ் வேகாஸ் அருகே கார் விற்பனை நிலையமொன்றில் வேலை. ஒருநாள் நண்பர் வீட்டில், நண்பரின் மகன் கணினி விளையாட்டில் 1995 யு.சி.எல்.ஏ. அணியை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறான். திரையில் மொட்டைத் தலை, இடதுகைப் பழக்கம், 31ஆம் இலக்கச் சட்டை. பெயர் மட்டும் இல்லை. அந்த விளையாட்டை விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். திரையில் ஓடியவருக்கு ஒரு சதமும் வரவில்லை.

2009 ஜூலையில் அவர் வழக்குத் தொடுத்தார். விசாரணை 2014 ஜூனில் ஓக்லாந்து நகரில் நடந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவர் அணி பிராந்தியக் கிண்ணத்தை வென்ற அதே நகர். வீரர்களுக்குப் பணம் கொடுத்தால் மக்கள் ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள் என்று சங்கம் வாதிட்டது. நீதிபதி கிளோடியா வில்கன் அதை ஏற்கவில்லை. சங்கத்தின் விதிகள் போட்டிச் சட்டத்தை மீறுகின்றன என்று ஓகஸ்ட் மாதம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் 2015இல் தீர்ப்பின் ஒரு பகுதி குறைக்கப்பட்டது, அடிப்படை நின்றது. அந்த அத்திவாரத்தின் மீதுதான் அடுத்த வழக்கு எழுந்தது. 2021 ஜூன் 21இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். எதிலும் இரண்டாகப் பிளவுபடும் அந்த நீதிமன்றம் இதில் ஒருமித்தது என்பதைப் பெருமூச்சாளர்கள் சற்று யோசிக்கலாம்.

மக்கள் பார்ப்பதை விட்டுவிட்டார்களா? பணம் கொடுக்கத் தொடங்கிய பின்னரும் ஒவ்வொரு மார்ச்சிலும் அரங்குகள் நிரம்புகின்றன. வழக்குகளால் நிறுத்தப்பட்ட கல்லூரிக் காற்பந்துக் கணினி விளையாட்டு 2024இல் மீண்டும் வந்தபோது, அதில் தோன்றச் சம்மதித்த வீரர்களுக்கு ஆளுக்குக் குறைந்தது 600 டொலர் கிடைத்தது. வானம் இடிந்து விழவில்லை.

குழப்பங்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒரு கல்லூரி என்று வீரர்கள் தாவுகிறார்கள். வருமானம் தராத நீச்சல், மல்யுத்தம் போன்ற அணிகளைக் கலைக்கக் கல்லூரிகள் காரணம் தேடுகின்றன. பெண்களின் விளையாட்டுக்குப் போகும் பங்கு பற்றிய கேள்வி நியாயமானது. இவற்றுக்கெல்லாம் ஒழுங்குகள் தேவை. ஆனால் இத்தனை காலமும் ஒழுங்கான ஊதிய முறையொன்றை வகுக்க மறுத்து, நீதிமன்றம் நீதிமன்றமாக இழுத்தடித்தவர்கள் யார்? அவர்களே இன்று குழப்பத்தைக் காட்டி முறைப்பாடு செய்வதுதான் வேடிக்கை.

2025 ஜூன் 6இல் அதே நீதிபதி வில்கன் இறுதி உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம். பழைய வீரர்களுக்கு நட்டஈடாக ஏறத்தாழ 280 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அந்தக் கணக்கு 2016இல் இருந்துதான் தொடங்குகிறது. 4.8 விநாடிகளில் திடலைக் கடந்த எட்னிக்கோ, 31ஆம் இலக்கச் சட்டை அணிந்து வழக்காடிய ஓபானனுக்கோ அதில் ஒரு டொலர்கூட இல்லை.