ரோட்டுக்கு டயரா... போட்டோவுக்கு டயரா?

முதலில் ஒரு வாக்குமூலம். போன வருஷம் ஒரு ஜீப்பைக் கெடுத்தவன் நான். அதனால இதை அறிவுரைன்னு எடுத்துக்காதீங்க. அரியர் வச்சவன் அடுத்த செட்டுக்குச் சொல்ற பாடம், அவ்வளவுதான்!

எங்க மாமாவுக்குப் போடியில் ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 இருக்கிறது. காலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும். சாயங்காலம் இறங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் தார் ரோட்டை விட்டுப் பிரிகிற தோட்டப் பாதை வெறும் சேறும் கல்லும்தான். அங்கேதான் ஃபோர் வீல் போட்டாக வேண்டும்.

பின் டயர் இரண்டும் மொட்டையாகிப் போச்சு. "மாப்ள ஆட்டோமொபைல் படிக்கிறாப்ல, அவரையே கேட்டுப் போடுவோம்" என்றார் மாமா. கேட்க வேண்டுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை! செல்போனில் பார்த்த படங்களெல்லாம் கண் முன்னால் வந்தன. பெரிய பட்டன் வச்ச 31 அங்குல மட் டயர், பத்தரை அங்குல அகலம், பளபளன்னு அலாய் ரிம். கடைக்காரர் போல்ட்டை மாட்டிப் பார்த்து "கச்சிதமா உட்காருது தம்பி" என்றார். உட்காரும்தான். பழைய ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் அஞ்சு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். இரண்டுக்குத்தான் காசு இருந்தது. பின்னாடி மட்டும் போட்டோம். முன்னாடி அதே பழைய ஒல்லி டயர்.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். தோட்டத்திலிருந்து ஒன்பது பெண்களோடு வந்த வண்டி தார் ரோட்டில் ஏறியது. மாமா ஃபோர் வீலை எடுக்கப் பார்த்தார். லீவர் அசையவில்லை. அடுத்த வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி திரும்பாமல் நேராகத் தடுப்புச் சுவரைப் பார்த்து இழுத்தது. ஒரு முழம் மிச்சம் வைத்து நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த ஜீப்பின் டிரைவர், வயசானவர், எட்டிப் பார்த்துவிட்டு "ரிவர்ஸ்ல ரெண்டடி போங்கண்ணே" என்றார். போனார். லீவர் டக்கென்று விழுந்தது.

என்ன நடந்தது? பள்ளிக்கூடக் கணக்குதான். பின் டயர் 31 அங்குலம், ஒரு சுற்றுக்கு 97 அங்குலம் ஓடும். தேய்ந்த முன் டயரை அளந்தேன். 28 அங்குலம். சுற்றுக்கு 88தான். இந்த மாதிரி வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொண்டு நிற்கும். இது நம்ம நோட்டில் இரண்டு வரியாக இருக்கிறது. நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! அதனால்தான் சொல்கிறேன், ஃபோர் வீல் வண்டிக்கு டயர் வாங்கினால் அஞ்சும் ஒரே அளவு, ஒரே பட்டன். ஸ்டெப்னியும் சேர்த்து. காசில்லையா? மாற்றாமல் காத்திருங்கள்.

அகலத்துக்கு வருவோம். என் கட்சி, நம்ம மலைக்கு ஒல்லி டயர்தான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 டயர். ஆறே அங்குல அகலம்! நம்ம பாதையில் சேற்றுக்கு அடியில் கல்லோ கெட்டி மண்ணோ இருக்கிறது. ஒல்லி டயர் சேற்றை வெட்டி இறங்கி அதைப் பிடிக்கும். ஐஸ்லாந்துப் பனியிலும் பாலைவன மணலிலும் அடி என்பதே கைக்கு வராது. அங்கே அகல டயரில் காற்றை இறக்கி மிதக்கத்தான் வேண்டும். அந்த ஊர்ப் படத்தைப் பார்த்து இந்த ஊருக்கு டயர் வாங்கினது என் புத்தி.

உயரமும் அப்படித்தான். 2023-ல் வந்த ஜிம்னிக்கு 195/80 ஆர் 15. விட்டம் 693 மில்லிமீட்டர். பலர் ஆசைப்படும் 235/75 ஆர் 15 போட்டால் 733 சொச்சம். தரையிலிருந்து கிடைக்கும் உயரம் அதில் பாதி, 20 மில்லிமீட்டர். அதற்குக் கொடுக்கிற விலை? ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும், அதே பிரேக்கில் பிடி குறையும். இறக்கத்தில் ஆளை ஏற்றி வருகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

ரிம் பற்றி யாரும் பேசுவதே இல்லை. போல்ட் உட்கார்ந்தால் போதாது. ஆஃப்செட் பார்க்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பார்க்க ஜம்மென்று இருக்கும். பேரிங்குக்குத்தான் பாரம்! முன்னாடி என்றால் குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையை வெட்டும். நட்டு உட்காரும் இடம் கூம்பா தட்டையா என்றும் பாருங்கள். மலைக்கு 15 அல்லது 16 அங்குல இரும்பு ரிம் போதும். அடிபட்டு நெளிந்தால் சுத்தியலால் தட்டி ஊர் வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். பெரிய ரிம் போட்டால் டயரின் பக்கச் சுவர் குட்டையாகிவிடும். கல்லில் அடி வாங்க ரப்பர் எங்கே மிச்சம்?

டயர் பக்கத்தில் அச்சடித்த எண்களையும் படியுங்கள். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800. நாலிலக்க எண்ணில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் புதுசாக இருக்கும், ரப்பர் கிழவனாக இருக்கும்! ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் அதை நம்மைவிட நன்றாகப் படித்திருப்பார்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரம் கடன் வாங்கி அஞ்சு ஒல்லி டயர், 16 அங்குலம், ஒரே பட்டனில் போட்டார். அந்த வண்டியில் போகும் ஒரு அக்கா மட்டும் என்னைப் பார்த்தால் "படிச்ச தம்பி வருது, பார்த்து நில்லுங்கடி" என்பார்.

அந்த அலாய் இரண்டும் மாமா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. நம்ம ஆட்கள் இரண்டு பேர் ஏற்கெனவே விலை கேட்டாச்சு. கொடுக்கிறதா இல்லை!

— மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு