பயிர் காக்கும் துவக்கு: கரையோரக் கமக்காரர்களின் நிலைப்பாடு

பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்களை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களுக்குள்ளேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துவக்கு வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வரும் விதத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. தேத்தண்ணிக் கடைச் சுவரில் சாய்த்து வைத்த துவக்கு, மோட்டார் சைக்கிளில் மடிக்குக் குறுக்கே கிடக்கும் துவக்கு, கமநல சேவை நிலையத்து வரிசையில் தோளில் தொங்கும் துவக்கு, இரவுக் காவலில் யார் கையில் இருக்கிறதென்றே தெரியாத துவக்கு, இவை எல்லாவற்றையும் பற்றியே பேசுகிறோம். பன்றிப் பாதையில் கட்டிவைத்துத் தானாகவே வெடிக்கவிடும் கட்டுத்துவக்கைப் பொறுத்தமட்டில் எங்களிடம் எந்தச் சலுகையும் கிடையாது. அது எங்கள் புத்தளம் மாவட்டத்தை விட்டே போக வேண்டும்.

கற்பிட்டி மணலில் மிளகாயும் வெங்காயமும் போடுகிறவர்கள், மதுரங்குளி, முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டக்காரர்கள், வனாத்தவில்லு, எலுவன்குளம் பக்கம் சேனை வெட்டுகிறவர்கள், களப்பில் வலை போட்டுக்கொண்டே ஓய்ந்த நேரத்தில் தோட்டமும் பார்க்கிற குடும்பங்கள் என்று பலரும் சேர்ந்து பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம். பேச்சு சுமுகமாக நடந்ததென்று சொல்ல மாட்டோம். ஒரே இரவில் நூறு தென்னங்கன்றின் குருத்தைப் பன்றிக்குப் பறிகொடுத்தவரிடம் துவக்குப் பிடிக்கும் பண்பாட்டைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

2024ஆம் ஆண்டின் கடைசியில் தேங்காய் விலை ஏறியதிலிருந்து இந்தப் பேச்சு சூடு பிடித்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுவதும் பயிரை அழிக்கும் குரங்கு, மர அணில், மயில் போன்றவற்றை எண்ணச் சொன்னார்கள். நாங்களும் தோட்டத்தில் நின்று எண்ணினோம். எண்ணி முடிந்த கையோடு எல்லா ஊர்க் கூட்டத்திலும் ஒரே கோரிக்கை எழுந்தது: ஆளுக்கொரு துவக்குத் தாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கோரிக்கையோடு எங்களால் ஒத்துப்போக முடியவில்லை.

துவக்கு அனுமதிக்கு அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காகக் கச்சேரிக்கும் பொலிஸுக்கும் நடக்கிற நடை எங்கள் ஆட்களுக்குப் பழக்கமானது. காணி எவ்வளவு, என்ன பயிர், ஆள் எப்படிப்பட்டவர், வழக்கு ஏதும் உண்டா என்பதெல்லாம் காகிதத்தில் வருகின்றன. துவக்கை மடித்துத் திறந்து குழல் வெறுமையா என்று பார்க்க அந்த ஆளுக்குக் கை பழகியிருக்கிறதா என்பது எந்தக் காகிதத்திலும் தெரியாது. எங்களில் பெரும்பாலானவர்களுக்குத் துவக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது வாப்பா, இல்லாவிட்டால் பெரியப்பா. அவர்கள் நல்ல பழக்கத்தையும் கொடுத்தார்கள், கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். புதிதாக அனுமதி கேட்பவர் ஒரு நாளாவது பயிற்சி பெற்று, பயிற்சியாளர் முன் செய்து காட்டிய பிறகே கையெழுத்து விழ வேண்டும். இது எங்கள் முதல் கோரிக்கை. ஏற்கெனவே அனுமதி வைத்திருப்பவர்களும் அடுத்த புதுப்பிப்புக்கு முன் அந்தப் பயிற்சிக்கு வர வேண்டும். முப்பது வருடமாகத் துவக்கு வைத்திருக்கிறேன் என்பது விலக்குக்குக் காரணமாகாது.

இனி, ஆட்கள் கூடும் இடம். எங்கள் பக்கத்தில் அதிகம் இருப்பது 12ஆம் இலக்க, நடுவில் மடிந்து திறக்கும் ஒற்றைக்குழல் துவக்கு. இங்கிலாந்தில் களிமண் தட்டுகளை எறிந்து சுட்டுப் பழகும் மைதானங்களில் இந்த வகைத் துவக்கை மடித்துத் திறந்து கையில் போட்டபடிதான் நடப்பார்கள். குழல் வெறுமையாக இருப்பது எதிரில் வருகிற எவருக்கும் தெரியும். வாயால் சொல்லத் தேவையில்லை. துவக்கு மலிந்த அமெரிக்காவிலேயே, துவக்குச் சந்தைகளுக்கு ஆட்கள் கொண்டுவரும் துவக்கை வாசலில் வாங்கிப் பார்த்து, தோட்டா இல்லையென்று உறுதி செய்து, இயங்காதபடி பிளாஸ்டிக் பட்டி போட்டுக் கட்டிய பிறகே உள்ளே விடுவது வழக்கம். ஆயிரக்கணக்கான துவக்கு ஒரு மண்டபத்தில் கூடும்போது அவர்கள் நம்புவது ஆளின் வாய்ச்சொல்லை அல்ல, கண்ணால் பார்க்கக்கூடிய வெறுமையை. எங்களுக்கு இங்கே துவக்குச் சந்தை இல்லை. ஆனால் புதுப்பிப்புக் காலத்தில் துவக்கைக் காட்டக் கொண்டுபோகும் நாளும், யானை விரட்ட ஊரே திரளும் இரவும் எங்களுக்கு அதே நிலையைத்தான் கொண்டுவருகின்றன.

ஆகவே எங்கள் உறுப்பினர் எவரும் தன் தோட்டத்து எல்லையைத் தாண்டும்போது துவக்கில் தோட்டா இருக்கக்கூடாது. பாதையில் அது உறையிலோ சாக்கிலோ சுற்றியபடி போக வேண்டும், தோட்டா வேறு பையில். கூட்டத்துக்குள் உறையிலிருந்து எடுக்க நேர்ந்தால் முதலில் மடித்துத் திறக்க வேண்டும், பிறகுதான் மற்றது எதுவும். இன்னொருவர் கையில் கொடுக்கும்போது திறந்தபடியே கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் குழலுக்குள் தன் கண்ணால் பார்க்க வேண்டும், கொடுத்தவர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும். "காட்டு மச்சான், பார்ப்போம்" என்று கேட்டவனுக்குக் குறும்பாக நீட்டிக் காட்டுவது, குழந்தையின் கையில் கொடுத்துப் படம் எடுப்பது, கலியாண வீட்டுக்குக் கொண்டுபோவது, இவை இன்றோடு நிற்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பதற்குச் சட்டம் தேவையில்லை. ஊரில் நாலு பெரியவர்கள் கண்டித்தாலே போதும், கண்டிக்கத் துணிய வேண்டும் அவ்வளவுதான்.

இதில் எங்கள் மண்ணுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது பல்லாயிரம் பேர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். துவக்கு ஏந்தியவர்கள் சொன்ன நேரக்கெடுவுக்குள் வீட்டை விட்டவர்கள் அவர்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று எங்கள் அயலவர்கள், எங்கள் உறுப்பினர்கள். சுற்றிவளைப்பையும் சோதனைச் சாவடியையும் கண்ட தமிழ்க் குடும்பங்களும் எங்களோடு இருக்கின்றன. தோட்டத்துக்குப் போகிற மனிதன்தான் என்று தெரிந்தாலும், கடைக்கு முன்னால் தோளில் துவக்கோடு ஒருவரைக் கண்டால் அவர்களில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பை மதிக்கிற கடமை துவக்கை வைத்திருப்பவருக்குத்தான் உண்டு, பயப்படுகிறவருக்கு அல்ல.

கடற்காற்றையும் மணலையும் பற்றியும் சொல்ல வேண்டும். உள்நாட்டுக் கமக்காரருக்கு இல்லாத தொல்லை இது. உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊசி துருவேறி முன்னால் இறுகிப்போனால், தோட்டாவைப் போட்டுத் துவக்கை மூடுகிற அந்தக் கணத்திலேயே, குதிரையை யாரும் தொடாமலே, வெடித்துவிடலாம். ஆகவே மூடும்போது குழல் நிலத்தைப் பார்த்திருக்க வேண்டும். துவக்கு மணலில் விழுந்தால், அல்லது குழலை மணலில் ஊன்றி வேலி கடந்தால், குழல் வாயில் மணல் அடைபடும். அப்படியே சுட்டால் குழல் கிழிந்து போகலாம். சுட்டவரின் இடது கை அந்தக் குழலுக்குக் கீழேதான் இருக்கும். கிடுகு வேலியானாலும் முட்கம்பி வேலியானாலும், கடக்கும் முன் தோட்டாவை எடுத்து, துவக்கை அந்தப் பக்கம் படுக்கவைத்து, ஆள் வேறாகக் கடக்க வேண்டும். களப்புக் கரையில் நின்று தண்ணீரை நோக்கிச் சாய்வாகச் சுடவே கூடாது. சன்னம் தண்ணீரில் பட்டுத் தெறித்துக்கொண்டு போகும். பெரிய சன்னமுள்ள எஸ்.ஜி. தோட்டா அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைத் தாக்க வல்லது. எங்கள் களப்பில் இரவு முழுக்க வள்ளம் நிற்கும், விளக்கில்லாத வள்ளமும் நிற்கும்.

இரவுக் காவலுக்கு ஒரு வேண்டுகோள்: சுடுகிறவர் ஒருவர்தான். யார் என்பதைக் காவலுக்குப் போகும் முன்பே தீர்மானிக்க வேண்டும். அவர் அன்று வாயில் கசிப்போ சாராயமோ வைத்திருக்கக்கூடாது. மற்றவர்கள் அவருக்குப் பின்னால். புதர் அசைந்தது, கண் மின்னியது என்று சுடுவது மாட்டையும் கொல்லும், மாடு தேடி வந்தவரையும் கொல்லும்.

கட்டுத்துவக்குக்கு வருவோம். செய்வதற்குப் பெரிய வித்தை தேவையில்லை, அதுதான் அதன் கொடுமை. ஒரு இரும்புக் குழாய், கொஞ்சம் வெடிமருந்து, ஈயத் துண்டுகள், ஒரு கவைக்கம்பு. எங்கள் கரையில் அதற்கு நூல் தேடி அலையவும் வேண்டியதில்லை, வலைக்கு வாங்கிய தங்கூசியே போதும். பன்றி வரும் ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் தங்கூசியை இழுத்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அந்தி வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பன்றியின் நெஞ்சு உயரத்துக்கு வைத்த வெடி மனிதனுக்குத் தொடையிலும் முழங்காலிலும் பாய்கிறது. எலும்பு நொறுங்கும், பெரிய இரத்தக்குழாய் அறும். வனாத்தவில்லுக் காட்டோரத்திலிருந்து புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கு வருவதற்குள் போகிற இரத்தத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. உயிர் தப்பினாலும் கால் தப்புவது சொல்ல முடியாது. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள், மாடு சாய்க்கிற பையன்கள், பாதை குறுக்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான் அந்தத் தங்கூசியில் கால் வைக்கிறார்கள். காலையில் கழற்ற மறந்து, தான் கட்டியதில் தானே மாட்டியவர்களும் உண்டு.

கட்டுத்துவக்கின் பின்னால் கை இல்லை, கண் இல்லை. மேலே நாங்கள் சொன்ன அத்தனை பழக்கமும் பார்த்துச் சுடுகிற மனிதனுக்குச் சொன்னவை. பார்க்காமல் சுடுகிற ஆயுதத்துக்கு எந்த ஒழுங்கும் கற்பிக்க முடியாது. சட்டப்படியும் அதற்கு அனுமதி கிடைக்காது. ஆனாலும் ஊரில் தெரிந்தும் தெரியாதது போல் இருக்கிறோம், கட்டியவர் மாமாவோ மச்சானோ என்பதால். எங்கள் அமைப்பு இனி அப்படி இருக்காது. கட்டுத்துவக்குக் கட்டுபவருக்கு எங்கள் உறுப்புரிமை இல்லை, அவருக்காகப் பொலிஸில் பரிந்து பேச எங்களில் எவரும் போகமாட்டோம். தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்கப்பட்டஸுக்கும் இதே முடிவு. பன்றிக்கென்று வைத்த பூசணித் துண்டை யானைக்குட்டி கடித்தால் அதன் வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது.

யானையைத் துவக்கால் சுடுவதைப் பற்றியும் ஒளிவுமறைவு வேண்டாம். 2022இலும் 2023இலும் நாட்டில் ஆண்டுக்கு 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே காலத்தில் யானையால் இறந்த மனிதர்களின் தொகையும் நூற்றைத் தாண்டியது. கருவலகஸ்வெவவிலும் நவகத்தேகமவிலும் அந்த இழவு வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறோம். ஆனால் சன்னம் பாய்ந்த யானை பெரும்பாலும் உடனே சாவதில்லை. புண் அழுகி, வலியோடு, மனிதனைக் கண்டாலே பாய்கிற யானையாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறது. மின்வேலியைப் பராமரிக்க ஆளும், நேரத்துக்கு யானை வெடியும் தாருங்கள் என்று வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்கிறோம். யானைக்கெனத் துவக்குக் கேட்க மாட்டோம்.

பன்றிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வீட்டுக்கொரு துவக்குக்குப் பதிலாக, ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் பயிற்சி பெற்ற, பெயர் பதிந்த சிலரை அரசு தெரிவு செய்யட்டும். கமக்காரர் அழைத்தால் அவர்கள் வந்து சுடட்டும். சுட்ட தோட்டாவுக்குக் கணக்கு இருக்கட்டும். கேரளத்தில் 2022 முதல் உள்ளூராட்சித் தலைவர்களின் அனுமதியோடு, பட்டியலிட்ட துவக்கு அனுமதிதாரர்கள் காட்டுப்பன்றியைச் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த முறை இன்னும் இறுக்கமானது: காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறை ஊழியர்களே சுடுவார்கள். இரண்டிலும் குறை உண்டு, இரண்டையும் அப்படியே பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை. வில்பத்துவை ஒட்டிய எங்கள் ஊர்களுக்குத் தூரக் கணக்கு வேறாக அமையும். ஆனால் யார் சுடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எங்கள் ஊருக்கும் பொருந்தும். தற்காப்புக்கென முன்பு வழங்கிய துவக்குகளை 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு மீளக் கையளிக்கச் சொல்லிப் பரிசீலித்தது. கொடுத்ததை மறுபடி பார்க்க அரசால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பயிர்த் துவக்கையும் அந்தக் கண்ணோடு பார்த்து, பாழடைந்ததை வாங்கி அழித்து, நல்லதைப் பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் விட வேண்டும்.

கடைசியாக மாவட்டச் செயலாளரிடமும் பொலிஸாரிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த பெரும்போகத்துக்கு முன் ஒரு மாத காலம் அறிவியுங்கள். அந்த மாதத்தில் கட்டுத்துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் மீது வழக்கு வேண்டாம். பள்ளிவாசல், கோவில், தேவாலயம் எங்கும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க நாங்கள் ஆள் தருகிறோம். வெடி ஏற்றிய குழாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து வருவது ஆபத்து, ஆதலால் கட்டிய இடத்தைச் சொன்னால் போதும், வெடிமருந்து தெரிந்த விசேட அதிரடிப் படையினர் போய்க் கழற்றட்டும். மாதம் முடிந்த மறுநாளிலிருந்து கட்டியவர் யாராயிருந்தாலும் சட்டம் தன் வேலையைச் செய்ய வேண்டும். இடத்தைக் காட்ட எங்கள் உறுப்பினர்கள் கூட வருவார்கள்.