க்ஷயத்தின் வேஷம்

1923-இல் தம் தாயாரைக் க்ஷயரோகத்துக்குப் பறிகொடுத்த அர்மான் ஃப்ராப்பியே என்ற வைத்தியர், க்ஷயத்துக்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் மேல் கொண்ட சிரத்தையோடு 1938-இல் மான்ட்ரியலில் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையம், இன்று அருகிலுள்ள லவாலில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைக் கடந்து வேலைக்குப் போகும் நம் தமிழர்கள் க்ஷயத்தைப் பழங்கதையென்று எண்ணக்கூடும். ஆனால் நோய் தீர்ந்த பின்னும் நுரையீரலில் எஞ்சும் குழிகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை குடியேறி, இருமலும் இரத்தம் கக்குதலும் உடல் மெலிவுமாகப் பழைய வியாதியின் வேஷத்தையே அப்படியே போட்டுக்கொள்கிறது. எக்ஸ்ரே படத்தில் சிலருக்குக் குழிக்குள் ஓர் உருண்டையும் அதன்மேல் பிறை வடிவான காற்றுவெளியும் தெரியும். நோயாளி புரண்டு படுத்தால் உருண்டையும் இடம் மாறும். பிரிட்டனில் 1960-களின் பிற்பகுதியில், க்ஷயம் குணமாகியும் குழி ஆறாத 544 பேரைச் சோதித்தபோது, சுமார் கால்வாசிப் பேரின் இரத்தத்தில் இப்பூஞ்சைக்கு எதிரான பிரதிபொருள் காணப்பட்டது. அப்படியிருந்தும், சளியில் க்ஷயக் கிருமி அகப்படாதபோது, மறுபடியும் க்ஷயந்தான் என்று அனுமானித்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கச் செய்வது நம் தாய்நாட்டில் அபூர்வமன்று. இதில் விபரீதம் என்னவென்றால், க்ஷயத்துக்குத் தரும் ரிஃபாம்பிசின், பூஞ்சையை அடக்கும் இட்ரகோனஸோலை உடலில் நிலைக்க விடுவதில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் விளைவிக்கும் பூஞ்சைகளின் பட்டியலில் இப்பூஞ்சையை அதிமுக்கியமான வரிசையில் சேர்த்தது. பட்டியல் மட்டும் யாரைப் பிழைக்க வைக்கும்? கிருமி இல்லையென்று முடிவு வந்தும் இருமல் ஓயாதவர்கள், பூஞ்சைக்கான இரத்தப் பரிசோதனையைத் தம் வைத்தியரிடம் கூசாமல் கேட்க வேண்டும்.