இட்லிக்காரருக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பம்பாயில சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதீக?" என்பதுதான். நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, இன்னும் அதே கேள்வி. சப்பாத்தியும் பாவ்பாஜியும் தின்று நாங்கள் இளைத்துப்போய்க் கிடக்கிறோம் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. என் வயிற்றைப் பார்த்த பிறகாவது அந்தக் கவலை தீர வேண்டாமா?

1981-ல் டிப்ளமா முடித்த கையோடு, ரயில்வேயில் அப்ரென்டிஸ் மெக்கானிக்காக மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் சேர வந்தேன். ஒர்க்‌ஷாப் 1915-லிருந்து இருக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை சோலாப்பூர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. மறுநாள் என்னோடு சேர்ந்த ஒரு நண்பர் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருக்கும் ராமநாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்குக்கு அழைத்துப்போனார். வாழை இலையும் ரசத்தின் வாசனையும் சேர்ந்து வந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது தமிழர் கடை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். 1942-ல் உடுப்பிப் பக்கத்துக்காரர் தொடங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. ராம் ஆஸ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940. 'நம்ம சாப்பாடு' என்று நாம் பெருமைப்படும் மாட்டுங்காவைப் பாதிக்கு மேல் நமக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள் கன்னட நாட்டார்கள். நல்லது, அவர்களுக்கு ஆயிரம் கும்பிடு. அந்தக் கடைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் ரிசர்வேஷன் கவுண்டர் நினைவுக்கு வருகிறது.

நான் இங்கே எழுத வந்தது வேறொருவரைப் பற்றி. காலை ஆறே முக்கால் ஆனால் தெருவில் 'பாம் பாம்' என்று ரப்பர் ஹார்ன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வருகிறாரே, இட்லிக்காரர், அவரைப் பற்றி. என் காரின் கதவு ஒருநாள் அவர்மேல் இடித்ததால்தான் இதை எழுதும்படி ஆயிற்று. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

2024 மார்கழியில் ஒரு ஞாயிறு. செம்பூரிலிருந்து நானும் வீட்டுக்காரியும் விடியலில் மாட்டுங்கா கோயிலுக்குப் போய்விட்டு, மார்க்கெட்டில் காப்பிப் பொடியும் வாழை இலையும் வாங்க வண்டியை நிறுத்தினோம். நிறுத்தினோம் என்பதைவிட, ஏற்கெனவே நின்ற வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாகத் திணித்தேன் என்பதே சரி. "ரெண்டே நிமிஷம்" என்றேன். கண்ணாடியைப் பார்க்காமல் வலப்பக்கக் கதவைத் தள்ளினேன். பின்னால் வந்த சைக்கிள் கதவில் மோதிச் சாய்ந்தது. எவர்சில்வர் அடுக்கு உருண்டது. சாம்பார்த் தூக்கு கவிழ்ந்து தார்ச்சாலையில் ஓடியது. இட்லிகள் நாலாபுறமும் சிதறின. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பெஸ்ட் பஸ் ஏதும் அந்த நேரத்தில் பின்னால் வராதது தெய்வாதீனம்.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. எழுந்ததும் கையைப் பார்க்கவில்லை, அடுக்கைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சார், பின்னால பாக்க வேண்டாமா?" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேச்சிலேயே ஊர் தெரிந்துவிட்டது.

"தம்பிக்குத் திருநெல்வேலியா?"

"சங்கரன்கோயில் பக்கம் சார். நீங்க?"

"நான் அம்பாசமுத்திரம்."

"நம்மூர்க்காரர்தானா? அதான் நம்ம மேலேயே இடிச்சிட்டீக" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. பணம் கொடுத்தேன். சரக்குக்கு உண்டானதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார். டிஞ்சர் போடக்கூட நிற்கவில்லை. "வாடிக்கைக்காரங்க காத்திட்டிருப்பாங்க, சொல்லிட்டுப் போவணும்" என்றார்.

(கார் ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். ஹாலந்தில் பழகிய முறை இது. இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தில் 2022-ல் சேர்த்திருக்கிறார்கள். செலவில்லாத பாதுகாப்பு ஏற்பாடு. நான் அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.)

மனசு கேட்காமல் அடுத்த வாரம் அவரைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். நாற்பது வருடம் பக்கத்திலேயே வேலை பார்த்தும், தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டி உள்ளே நான் போனது நாலைந்து தடவைதான். பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாக நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிட்டும் மூட்டை சுமந்தும் அந்தச் சதுப்பை ஊராக்கியவர்கள் நம் ஜனங்கள். நாம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்துகொண்டு, தாராவியைப் பற்றிக் கேட்டால் "அது வேற ஏரியா" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அவர் இருப்பது ஒரு கோலியின் மேல்மாடி. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கீழே வேறொரு குடும்பம். மேலே அவரும் தம்பியும் மைத்துனரும் இன்னும் இரண்டு பேரும். மதியம் அரிசியும் உளுந்தும் ஊறும். சாயங்காலம் கிரைண்டர் ஓடும். இரவு மாவு புளிக்கும்போது மனிதர்கள் தூங்குவார்கள். விடியற்காலம் இரண்டரை மணிக்குக் கொப்பரை அடுப்பில் ஏறும். ஐந்தரைக்கு அடுக்குகளைத் துணி சுற்றிக் கட்டி, ஆளுக்கொரு திசை. ஒருவர் மாட்டுங்கா, ஒருவர் செம்பூர், ஒருவர் மாஹிம். ஒன்பதரைக்குத் திரும்பிவந்து பாத்திரம் கழுவினால் அன்றைய பிழைப்பு முடிந்தது. ஒரு ஷிஃப்ட் ஒர்க்‌ஷாப்பை இதைவிட ஒழுங்காக நடத்த முடியாது என்று, நடத்திப் பார்த்த நான் சொல்கிறேன்.

கதவுச் சட்டத்தில் ஏதோ எண் எழுதியிருந்தது. கேட்டேன். 2024-ல் தொடங்கிய புனரமைப்புக் கணக்கெடுப்பின் எண்ணாம். இங்கேதான் விஷயம் வருகிறது.

மாநில அரசும் ஒரு தனியார் குழுமமும் சேர்ந்து தாராவியைப் புதிதாகக் கட்டப் போகும் திட்டத்தின் விதிகள் நம்மில் பலருக்குத் தெரியாது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்குப் பணம் கட்டினால் வீடு, ஆனால் தாராவிக்கு வெளியே. மேல்மாடிக்காரர்களுக்கும் வெளியேதான், வாடகை முறையிலோ தவணை முறையிலோ. வெளியே என்றால் எங்கே? முலுண்டு, காஞ்சூர்மார்க், மாலாடு, தேவநார் என்று பெயர்கள் அடிபடுகின்றன.

எனக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம். தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் மூன்று கிலோமீட்டர் சுமார். பாரம் ஏற்றிய சைக்கிள் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும் என்றால் பதினைந்து நிமிடம். செம்பூருக்கு முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். முலுண்டிலிருந்து மாட்டுங்கா ரயில் பாதைக் கணக்கிலேயே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சைக்கிளில் ஒன்றே முக்கால் மணி நேரம், அதுவும் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே. இட்லி சூடாறிக் கல்லாகிவிடும், ஆள் அதற்கு முன்பே ஓய்ந்துவிடுவார். சயான் மேம்பாலத்தை இடித்துக் கட்ட 2024 ஆகஸ்டில் மூடியதற்கே, செம்பூர்ப் பக்கம் வருகிறவர்கள் சுற்றுப்பாதையால் தவித்துப்போனார்கள்.

"லோக்கல் ரயிலில் வரலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். ரயில்வேக்காரனிடமே கேட்டார். லக்கேஜ் பெட்டியில் அடுக்கை ஏற்றலாம், மறுக்கவில்லை. சைக்கிளை எப்படி ஏற்றுவது? மாட்டுங்காவில் இன்னொரு சைக்கிள் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு இடம் வேண்டும், பூட்டு வேண்டும். இருபது நொடி நிற்கும் வண்டியில் கொதிக்கும் சாம்பாரை ஏற்றி இறக்க வேண்டும். லோக்கலில் ஆட்களே தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். 2025 ஜூனில் மும்ப்ரா அருகே அப்படித் தொங்கியவர்கள் விழுந்து இறந்ததை நாடே படித்தது. இட்லி அடுக்கோடு அவரையும் அங்கே தொங்கவிடச் சொல்கிறோமா?

இன்னொரு நண்பர், எங்கள் கட்டடத்துக்காரர், "தாராவி போனால் நல்லதுதானே ஓய், சாக்கடை ஒழியும்" என்கிறார். ஒழியட்டும். நானும் அந்த ஏணியில் ஏறியவன், பொதுக் கழிப்பிடத்து வரிசையைப் பார்த்தவன். அங்கே இருப்பவர்களே நல்ல வீடு கேட்கிறார்கள். வீடு கட்டுவதை எதிர்த்து நான் எழுதவில்லை. வீட்டை எண்ணுகிறவர்கள் தொழிலை எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மேல்மாடியில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள் என்று கணக்கில் வரும். அந்த ஐந்து பேரால் காலையில் எத்தனை தெருக்கள் சாப்பிடுகின்றன என்பது எந்தக் கட்டத்தில் வரும்?

இப்படிப்பட்ட ஒரு சங்கதியை நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறேன். 1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது நான் அப்ரென்டிஸ். பரேல், லால்பாக் பக்கத்தில் தனியாக இருந்த மில் தொழிலாளிகளுக்குச் சோறு போட்டவர்கள் 'கானாவள்' நடத்திய பெண்கள். என்னோடு வேலை பார்த்த மராட்டிய ஃபிட்டர் ஒருவரின் அத்தை அப்படி நடத்தினார். ஜோவார் பாக்ரியும் பருப்பும் அங்கேதான் முதலில் சாப்பிட்டேன், என் மராத்தியும் அங்கேதான் தொடங்கியது. இந்தப் பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுக்கத்தான் பிரேமா புரவ் அம்மையார் 1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். மில்கள் மூடின, சாப்பிட வருகிறவர்கள் போனார்கள், கானாவள்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. அங்கே சாப்பிடுகிறவர் போனதால் சமைக்கிறவர் போனார். இங்கே சாப்பிடுகிற நாம் இருக்கும்போதே சமைக்கிறவரைக் கிளப்பப் பார்க்கிறோம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதைச் சிங்கப்பூரில் பார்த்தேன். மகள் அங்கே இருக்கிறாள், இரண்டு தடவை போயிருக்கிறேன். அங்கே கார் வாங்க வேண்டுமானால் பத்து வருட உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். சின்னக் காருக்குக் காரின் அடக்க விலையைவிடச் சான்றிதழ் விலை அதிகம். மாட்டுங்காவில் இரண்டாவது வரிசையில் இலவசமாக நிறுத்தும் என்னைப் போன்றவர்கள் அங்கே பிழைக்க முடியாது. அதைவிட என் மனதில் நின்றது அவர்களுடைய ஹாக்கர் சென்டர்கள். தெருவில் சமைத்து விற்றவர்களை 1968-69 வாக்கில் பதிவு செய்தார்கள். 1971-லிருந்து 1986-க்குள், தண்ணீர்க் குழாயும் சாக்கடை வசதியும் உள்ள கூரைகளுக்கு அடியில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். ஆரம்பத்தில் வாடகையும் சலுகைதான். முக்கியமான விஷயம், அந்தக் கூடங்களைக் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே கட்டினார்கள், சாப்பிடுகிறவர் நடந்து வரும் தூரத்தில். தேக்கா சென்டரில் கீழே மீனும் காய்கறியும் சாப்பாட்டுக் கடைகளும், மேலே துணிக்கடைகள். நம்மூர் ஆட்களும் கடை வைத்திருக்கிறார்கள். 2020-ல் யுனெஸ்கோ அந்த ஹாக்கர் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் குறைகள் உண்டு. கடைக்காரர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் வர மறுக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். ஆனாலும் ஒருவரையும் முலுண்டுக்கு அனுப்பவில்லை.

தாராவியில் கட்டப்போகும் கட்டடங்களில் ஒன்றின் தரைத்தளத்தில் இட்லிக்காரர்களுக்குப் பொதுச் சமையற்கூடம் ஒன்று கேட்டால் என்ன? நீராவி பாய்லர் ஒன்று, கிரைண்டர்களுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம், விடியற்காலத்தில் தண்ணீர், நல்ல வடிகால், சைக்கிள் நிறுத்தக் கூரை. ஷிஃப்ட் முறையில் வாடகை வாங்கட்டும். கோலி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல், தொழில் செய்கிறவர் யார் என்று பார்த்து இடம் கொடுக்கட்டும். வந்தே பாரத் ரயில் செய்கிற நாட்டுக்கு ஒரு பாய்லர் பெரிய காரியமா?

அதைக் கேட்பதற்கு முன்னால் காகிதம் வேண்டும். எங்கள் இட்லிக்காரரிடம் வாடகைச் சீட்டு ஒன்றுகூட இல்லை. உளுந்து வாங்கிய மளிகைக் கடைக் கணக்கு நோட்டுகள் மட்டும் பதினோரு வருடத்துக்கு இருக்கின்றன, அவர் தூக்கிப்போடவிருந்தார். "அதைப் பத்திரமா வையுங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறேன். கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மின்சார உப-மீட்டர் ரசீது, எது கிடைத்தாலும் சேர்க்க வேண்டும். நோட்டீசும் படிவமும் மராத்தியில் வருகின்றன. அவருக்குப் பேச வருகிறது, படிக்க வரவில்லை.

நம் சங்கம் பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் கொஞ்சம் இதற்குத் தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு மேல், அவர்கள் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, நான் அங்கே போய் உட்கார்ந்து காகிதங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறேன். இதுவரை ஏழு பேருடையது முடிந்திருக்கிறது. மராத்தி நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூட வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். வருகிறவர்கள் காரில் வரவேண்டாம். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.